சொல் விளக்கம்: ப்ரொவ்னான்ஸ் – உடைமைத் தொடர்

மொரீசியசின் பிளேசான்ஸ் விமான நிலையத்தில் பிரெஞ்சில் "ஆன் ப்ரொவ்னான்ஸ் து" என்று அறிவித்தால், விமானம் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று சொல்லப் போகிறார்கள். பூண்டு மூட்டையின் சீட்டில் ப்ரொவ்னான்ஸ் என்றிருந்தால் அது விளைந்த நாடு. மொரீசியசில் இந்தச் சொல் நம் காதில் தினமும் விழுகிறது. அதனாலேயே ஏலப் பட்டியலில் இதே சொல் வரும்போது பலர் தவறாகப் படித்துவிடுகிறார்கள். பழைய பித்தளைக் குத்துவிளக்கை விற்க வருபவரிடம் ப்ரொவ்னான்ஸ் கேட்டால் "தென்னிந்தியா" என்று பதில் வருகிறது. ஏலக்காரர் கேட்டது அதுவல்ல. விளக்கு எங்கே வார்க்கப்பட்டது என்பதை அதன் உலோகமும் வேலைப்பாடும் பார்த்தே அவர் ஓரளவு சொல்லிவிடுவார். வார்த்த நாள் முதல் இன்றுவரை அது யார் யார் கையில் இருந்தது, எப்படி மாறியது, அதற்கு என்ன சாட்சி என்பதைத்தான் அவர் கேட்கிறார்.

சொல்லின் வேர் இலத்தீன். ப்ரோ என்றால் முன்னே, வெனீரே என்றால் வருதல். இரண்டும் சேர்ந்து பிரெஞ்சில் ப்ரொவ்னிர் ஆகி, அதிலிருந்து ப்ரொவ்னான்ஸ் பிறந்தது. ஆங்கிலம் அதை அப்படியே எடுத்துக்கொண்டு ப்ரொவெனன்ஸ் என்கிறது. பிரெஞ்சில் ஊரைக் குறிக்கும் அன்றாடப் பொருளும் கலைச் சந்தையின் சிறப்புப் பொருளும் ஒரே சொல்லில் கிடக்கின்றன. ஆங்கிலத்தில் இரண்டாவதே பெரும்பாலும் புழங்குகிறது. தொல்லியலார் இதற்கு அண்டையில் ப்ரொவீனியன்ஸ் என்றொரு சொல்லையும் வைத்திருக்கிறார்கள். மண்ணில் ஒரு பொருள் எந்தக் குழியில், எந்த அடுக்கில் கிடைத்தது என்பதை அது குறிக்கும். அதற்குத் தமிழில் "கிடைத்த இடம்" என்பதே போதும்.

ப்ரொவ்னான்சுக்குத் தமிழில் தோற்றுவாய், மூலம், பூர்வீகம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். மூன்றும் தொடக்கத்தை மட்டும் காட்டுகின்றன. நடுவில் நடந்ததை விட்டுவிடுகின்றன. வரலாறு என்பது மிக அகலம். "உடைமைத் தொடர்" என்பதே பொருத்தம் என்பது எங்கள் துணிபு. தொடர் என்றால் கண்ணிகள் உண்டு. எந்தக் கண்ணி இல்லை என்று கேட்கலாம், எங்கே அறுந்தது என்று காட்டலாம். இந்தச் சொல் செய்யவேண்டிய வேலையே அதுதான்.

நிலம் வாங்கிய எவருக்கும் இது புதிதல்ல. இங்கே நோட்டரி எழுதும் பத்திரத்தில் "ஒரிஜின் து ப்ரோப்ரியெத்தே" என்று ஒரு பகுதி வரும். விற்பவருக்கு நிலம் யாரிடமிருந்து வந்தது, அவருக்கு யாரிடமிருந்து, ஒவ்வொரு மாற்றமும் டி.வி. என்னும் பதிவேட்டின் எந்தத் தொகுதியில் எந்த எண்ணில் பதிந்தது என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். தமிழ்நாட்டில் இதையே மூலப்பத்திரம் பார்ப்பது என்பார்கள். அரும்பொருளுக்கும் இதே விசாரணைதான். ஒரு வேறுபாடு: நிலத்துக்குப் பதிவு அலுவலகம் இருக்கிறது. குத்துவிளக்குக்கு இல்லை. ஆகவே தொடரைக் காப்பது உடைமையாளர் பொறுப்பு.

ஏலம் என்ற சொல்லும் கடல் தாண்டி வந்ததே. அறிவிப்பு எனப் பொருள்படும் இஃலாம் என்ற அரபுச் சொல்லிலிருந்து போர்த்துகீசர்களின் லெய்லாவ் வந்தது. இந்தியில் அது நீலாம், மலையாளத்தில் லேலம், பர்மியத்தில் லேலான், இந்தோனேசியாவில் லெலாங். தமிழில் சொல் லகரத்தில் தொடங்காது என்பதால் முதல் எழுத்து உதிர்ந்து ஏலம் ஆயிற்று. ஏலக்காய்க்கும் இதற்கும் உறவில்லை. ஏலத்தைக் குறிக்கும் பிரெஞ்சுக்காரர்களின் ஆன்கான் என்ற சொல்லோ "எவ்வளவுக்கு?" என்ற இலத்தீன் கேள்வியிலிருந்து வந்தது. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று நாம் எண்ணுவதும் அந்தக் கேள்விக்குக் கடைசிப் பதிலை வாங்கத்தான்.

நம் தீவின் தபால்தலைகளைப் பார்த்தால் உடைமைத் தொடரின் எடை புரியும். 1847 செப்டம்பரில் ஒரு பென்னி செம்மஞ்சளிலும் இரண்டு பென்ஸ் நீலத்திலும் வெளியாயின. போர்ட் லூயியில் ஜோசப் ஓஸ்மண்ட் பார்னார்ட் செப்புத் தகட்டில் செதுக்கினார். ஒவ்வொன்றிலும் 500 அச்சிடப்பட்டன. இரண்டும் சேர்த்து இன்று 27 மட்டுமே இருப்பதாகக் கணக்கு. ஓரத்தில் "போஸ்ட் ஆபீஸ்" என்றிருப்பது, "போஸ்ட் பெய்ட்" என்று செதுக்க வேண்டிய இடத்தில் பார்னார்ட் செய்த தவறு என்ற கதையை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. பின்னால் முளைத்த கதை அது.

அந்த 27-இல் ஒவ்வொன்றுக்கும் தனி வாழ்க்கைக் குறிப்பு உண்டு. ஓரம் எப்படி வெட்டப்பட்டிருக்கிறது, முத்திரை எங்கே விழுந்திருக்கிறது, காகிதத்தில் எங்கே மடிப்பு என்பவை மனிதரின் கைரேகை போல ஒன்றுக்கொன்று வேறு. பழைய ஏலப் பட்டியலின் படத்தை எடுத்து வைத்து, இன்று கையில் உள்ளது அதே தலைதானா என்று ஒப்பிடுவார்கள். உறையோடு கிடைத்தது இன்னும் பலமானது. முகவரியும் அஞ்சல் முத்திரைகளும் தொடரின் முதல் கண்ணியைத் தாமே எழுதி வைத்திருக்கும். இரண்டு தலைகளும் ஒட்டிய போர்தோ உறை அப்படிப்பட்டது. மொரீசியசிலிருந்து போர்தோ நகரின் மது வணிகருக்குப் போன கடிதம். ஜப்பானியச் சேகரிப்பாளர் ஹிரோயுகி கனாயின் சேகரிப்பு 1993 நவம்பர் 3-இல் சூரிக்கில் ஏலம் போனபோது, அந்த உறைக்கு 57.5 லட்சம் சுவிஸ் பிராங்க் கிடைத்தது. மொரீசியஸ் கமர்ஷியல் பேங்க் தலைமையில் இங்குள்ள நிறுவனங்கள் சேர்ந்து வாங்கி வந்த பயன்படுத்தாத ஜோடியும் அதே சேகரிப்பினதே. போர்ட் லூயி கோடான் துறைமுகப் பகுதியில் உள்ள புளூ பென்னி அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. வெளிச்சம் மையைக் கெடுக்கும் என்பதால் அசல்களுக்குக் கொஞ்ச நேரமே விளக்குப் போடுகிறார்கள். மற்ற நேரம் நாம் பார்ப்பது நகல்.

மெய்ம்மையும் உடைமைத் தொடரும் ஒன்றல்ல என்பதற்கும் இந்தத் தலைகளே சாட்சி. பார்னார்டின் செப்புத் தகடு ஆளுநர் கோம் குடும்பத்தின் வழியாக வெளியே வந்து, 1912-இல் அதிலிருந்து மறு அச்சுகள் எடுக்கப்பட்டன. தகடு அசல், கோடுகள் அசல், பார்னார்டின் ஜே.பி. என்ற முதலெழுத்துகளும் அசல். ஆனாலும் அந்த அச்சு 1847-இன் தபால்தலை ஆகாது. எந்த ஆண்டு, யார் கையால் பிறந்தது என்று தொடர்தான் சொல்லும். தகடு 2016-இல் பத்து லட்சம் யூரோவுக்கு மேல் ஏலம் போனது.

தாத்தாவின் ஆல்பத்தில் நீலத் தலை இருக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் எடுங்கள். நிறம் நுண்புள்ளிகளாகப் பிரிந்து தெரிந்தால் அது ஆப்செட் அச்சு, நினைவுப்பொருள். புள்ளி இல்லாமல் கோடு கோடாக இருந்தால் மட்டும் அடுத்த கேள்விக்குப் போகலாம். ஆல்பத்திலிருந்து பிய்க்கவோ நீரில் நனைக்கவோ வேண்டாம். எந்தப் பக்கத்தில், எந்தத் தலைகளுக்கு நடுவில் இருந்தது என்பதும் சாட்சியே.

விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே உள்ள மேர் ஓ சோஞ் சதுப்பில் 1865-இல் ஜார்ஜ் கிளார்க் என்ற பள்ளி ஆசிரியர் டோடோ எலும்புகளைக் கண்டெடுத்தார். அங்கிருந்து எலும்புகள் உலகெங்கும் போயின. 2016 நவம்பரில் இங்கிலாந்தில் ஏறக்குறைய முழுமையான டோடோ எலும்புக்கூடு ஒன்று 2,80,000 பவுண்டுக்குச் சுத்தியல் அடிக்கப்பட்டது. வாங்கியவர் கட்டியது 3,46,300. நடுவில் உள்ள 66,300 பவுண்டு ஏல நிறுவனத்தின் வாங்குவோர் கட்டணமும் அதைச் சேர்ந்தவையும். செய்தித்தாளில் இரண்டு தொகையும் வரும். எது எது என்று பார்க்காமல் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். அது ஒரே பறவையின் கூடும் அல்ல. ஒரு சேகரிப்பாளர் பல ஆண்டுகளாகப் பல இடங்களில் வாங்கிய எலும்புகளைக் கோத்தது. அப்படியானால் ஒவ்வொரு எலும்புக்கும் தனித்தனி உடைமைத் தொடர் வேண்டும். மொரீசியஸ் இப்போது டோடோ எலும்பு ஏற்றுமதியைத் தடை செய்திருக்கிறது. ஆகவே எலும்பு எப்போது தீவை விட்டுப் போனது என்ற ஒரு தேதிதான் அது விற்கத்தக்கதா என்று முடிவு செய்யும்.

தேதிக்கு இவ்வளவு வலிமை இருப்பதால்தான் பொய்யும் தேதியில் நுழைகிறது. தமிழர்களுக்கு மிக நோவான எடுத்துக்காட்டு ஸ்ரீபுரந்தான் நடராஜர். அரியலூர் மாவட்டக் கோயிலிலிருந்து திருடப்பட்ட அந்தச் செப்புத் திருமேனியை ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. சிலை பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டு வெளியேறியதாகக் காட்டும் தாள்கள் கூடவே வந்தன. ஏன் அப்படிப் பழைய காலம்? கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970-இல் வந்தது, இந்தியாவின் தொல்பொருள் சட்டம் 1972-இல் வந்தது. அதற்கு முன்பே வெளியேறியதாகக் காட்டிவிட்டால் கேள்வி குறையும். பொய்யை உடைத்தது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்பு. கோயிலில் அதே திருமேனி இருக்கும் படம் அங்கே இருந்தது. 2014-இல் நடராஜர் இந்தியா திரும்பினார். தாள்கள் எல்லாம் இருந்தும், ஒரு புகைப்படம் முழுத் தொடரையும் பொய்யாக்கியது. ஏலப் பட்டியலில் "ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு, 1970-க்கு முன்" என்று பெயரில்லாமல் ஒரு வரி மட்டும் இருந்தால், அதைத் தொடர் என்று ஏற்கக் கூடாது.

பொய்த்தாளைப் பிடிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. மொரீசியசில் கைப்பேசி எண்கள் 5 என்ற இலக்கம் முன்னே சேர்ந்து எட்டு இலக்கமானது 2013 செப்டம்பரில். 1985 என்று தேதியிட்ட ரசீதின் தலைப்பில் அப்படி ஓர் எண் இருந்தால் அதோடு விசாரணை முடிந்தது. குடியரசானது 1992 மார்ச் 12-இல். அதற்கு முந்தைய தேதியிட்ட அரசுத் தாளில் "மொரீசியஸ் குடியரசு" என்று அச்சாகியிருக்க வழியில்லை.

எல்லாப் பொருளுக்கும் இவ்வளவு பாடு வேண்டியதில்லை. நம்மவர் அதிகம் தேடும் 1998 ரூபாய்த் தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஆங்கிலம், தமிழ், இந்தி என்றிருந்த வரிசையில் தமிழைக் கடைசிக்குத் தள்ளி அச்சிட்டதால் தமிழர்கள் எதிர்த்தார்கள். மத்திய வங்கி தாள்களைத் திரும்பப் பெற்று, 1999-இல் பழைய வரிசையில் புதிதாக வெளியிட்டது. ரெங்கநாதன் சீனிவாசன் படம் போட்ட நூறு ரூபாயில் ஆண்டையும் மொழி வரிசையையும் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். ஆயிரக்கணக்கில் அச்சான பொருளுக்கு யார் கையில் இருந்தது என்பது விலையைத் தொடாது. மடிப்பு, கறை, ஓட்டை ஆகியவையே தொடும். தேய்த்து மடிப்பெடுக்க வேண்டாம். பி.வி.சி. உறை நாளடைவில் ஒட்டும் பசையைக் கசியவிடும், பாலியெஸ்டர் உறையே நல்லது.

வீட்டில் இருக்கும் பழம்பொருளுக்குத் தொடரை இன்றே எழுதத் தொடங்கலாம். பக்கத்தில் அளவுகோல் வைத்து எல்லாப் பக்கமும், முக்கியமாக அடிப்பக்கமும், படம் எடுங்கள். எடையைக் கிராமில், உயரத்தை மில்லிமீட்டரில் குறியுங்கள். யார் யாருக்கு எந்த ஆண்டு கொடுத்தார், என்ன உறவு என்று ஒருவருக்கு ஒரு வரியாக எழுதி, ஒவ்வொரு வரிக்கும் என்ன சாட்சி என்று பக்கத்தில் போடுங்கள். சாட்சி இல்லாத இடத்தில் "வாய்வழி" என்று நேர்மையாக எழுதுங்கள், இட்டு நிரப்பாதீர்கள். அட்டிகைக்கு அது தெரியும் கல்யாணப் படம் நல்ல சாட்சி. பாகப்பிரிவினையின்போது நோட்டரி எழுதிய சொத்துப் பட்டியல் இன்னும் நல்லது. பாட்டன் கப்பலில் கொண்டுவந்தது என்றால், மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணக் காப்பகத்தில் அவருடைய எண்ணையும் கப்பலையும் தேடிப் பார்க்கலாம். அது அவர் வந்ததை நிறுவும், பொருள் அவரோடு வந்ததை நிறுவாது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். இன்றைக்கு எழுதிக் கையெழுத்திடும் உறுதிமொழித் தாள்தான் எல்லாவற்றிலும் பலவீனம்.

பளபளக்கத் துலக்குவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய சேதம். அடிப்பக்கத்துப் பழைய சீட்டு, சுண்ணக்கட்டியால் எழுதிய ஏல எண், பெயர் வெட்டு எல்லாம் புளியோடும் சாம்பலோடும் போய்விடும். சுவாமிமலையில் புதிதாக வார்த்து வாங்கும் திருமேனிக்கும் தொடர் முதல் நாளே தொடங்குகிறது. ஸ்தபதியின் ரசீதையும், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறை தரும் சான்றையும், சுங்கத் தாளையும் கோயில் கணக்கோடு ஒரே கோப்பில் வையுங்கள். சான்றில் உள்ள படமும் திருமேனியும் ஒன்றுதானா என்று பெட்டியைப் பிரிக்கும் அன்றே ஒத்துப் பார்க்க வேண்டும்.