கை பழகிய கணினி

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்) ஒருவர் தம் கறுப்பு திங்க்பேட் மடிக்கணினியைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். பேரன் கை தவறிக் கீழே போட்டதில் திரையைத் தாங்கும் கீல் உடைந்திருந்தது. விசைகளில் பாதி எழுத்துகள் தேய்ந்து மறைந்துவிட்டன. நடுவிலிருந்த சிவப்புக் குமிழ் வழவழவென்று ஆகியிருந்தது.

“பழுதுபார்க்கும் செலவோடு இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்தால் வேறு கணினியே வாங்கலாமே, ஐயா” என்றேன்.

“வேண்டாம் தம்பி. கை இதில் பழகிவிட்டது.”

பக்கத்தில் காத்திருந்த கல்லூரி மாணவன், “எங்கள் ஆப்பிளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள் தாத்தா, இதை மறந்துவிடுவீர்கள்” என்றான். அந்த நிறுவனத்தில் அவனுக்குப் பங்கும் இல்லை, வேலையும் இல்லை. ஆனாலும் ‘எங்கள்’ என்கிறான்.

இருவரையும் தம் கணினியோடு இப்படி ஒட்டவைப்பது எது? முதலில் கிராணியின் கை. ஓர் அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, மூளையின் அடியிலுள்ள சிறுமூளை போன்ற பகுதிகள் அதைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்கின்றன. அதன்பின் விரல் தானாகப் போகும்; மனம் வேறு வேலையைப் பார்க்கும். என் அப்பா ரப்பர் மரம் சீவியவர். கத்தி சற்று ஆழமாகப் போனால் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள உயிர்ப்படலம் காயப்படும். மேலோட்டமாகப் போனால் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் பால் விழாது. ஒரு மில்லிமீட்டர் கணக்கை அவர் விடியலின் அரையிருட்டில் கையாலேயே அளந்தார். சைக்கிள் டியூப் சுற்றிய பிடியுள்ள தம் கத்தியைத் தவிர வேறு கத்தியைத் தொடமாட்டார்.

அந்தச் சிவப்புக் குமிழும் கைக்கணக்கில் பிறந்ததுதான். விசைப்பலகையிலிருந்து சுட்டிக்குக் கை போகவே முக்கால் விநாடி ஆகிறது என்பதை அறிந்த ஐபிஎம் நிறுவன ஆய்வாளர் டெட் செல்கர், கையை எடுக்காமலேயே திரையில் சுட்டிக்குறியை நகர்த்த வழி தேடி அதை உருவாக்கினார். 1992இல் வந்த முதல் திங்க்பேட் மடிக்கணினிகளில் அது இடம்பெற்றது. ஜப்பானியச் சாப்பாட்டுப் பெட்டியை மனத்தில் வைத்து, ரிச்சர்ட் சாப்பர் அந்தக் கணினிக்குக் கறுப்பு உடல் தந்தார். 2005இல் ஐபிஎம்மின் தனிநபர் கணினிப் பிரிவு சீன நிறுவனமான லெனோவோவின் கைக்குப் போனது, குமிழ் போகவில்லை. பழகியவர்கள் விடமாட்டார்கள் என்பது புதிய உரிமையாளருக்கும் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

கை பழகுவதற்கு முன்பே மனம் பழகத் தொடங்குகிறது. 1956இல் ஜாக் பிரெம் என்ற உளவியலாளர், வீட்டுச் சாமான்களுக்குப் பெண்களை மதிப்பெண் போடச் சொன்னார். பிறகு இரண்டைக் காட்டி, ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மறுபடி மதிப்பெண் போட்டபோது எடுத்த பொருளின் மதிப்பு ஏறியிருந்தது. விட்ட பொருளின் மதிப்பு இறங்கியிருந்தது. பிடித்ததால் வாங்குகிறோம் என்பது பாதி உண்மைதான். வாங்கியதால் பிடித்துப்போவதும் உண்டு. பல மாதச் சம்பளத்தைச் சேர்த்து வாங்கிய பொருளில் இந்த ஏற்றம் இன்னும் கூடும் என்பது கடையில் நான் அன்றாடம் பார்ப்பது.

‘எங்கள்’ என்ற சொல்லுக்கு வருவோம். பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் ஹென்றி டாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் 14, 15 வயதுப் பள்ளி மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார். இன்ன ஓவியரின் படங்கள் உனக்குப் பிடித்திருக்கின்றன, ஆகவே நீ இந்தக் குழு என்றார். உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில். யார் எந்தக் குழு என்பது ஒருவருக்கொருவர் தெரியாது. ஆனாலும் பணத்தைப் பங்கிடச் சொன்னபோது தம் குழுவுக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். எதிர்க்குழுவைவிட முன்னால் நிற்பதற்காகத் தம் குழுவுக்கு வரக்கூடிய தொகையைக் குறைத்துக்கொள்ளவும் தயங்கவில்லை. தீபாவளிக்குத் தோட்டக் குடியிருப்புகளான மேல் லயமும் கீழ் லயமும் பந்து விளையாடியதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது வியப்பாக இல்லை.

ஆப்பிள் இந்த எல்லைக்கோட்டைத் தானே வரைந்து காட்டியது. 1984 ஜனவரியில் தன் மெக்கின்டாஷ் கணினியை அறிமுகப்படுத்திய விளம்பரத்தில், வரிசையாக அமர்ந்திருக்கும் கூட்டத்தின் நடுவே ஒரு பெண் ஓடிவந்து, பெரிய திரையில் முழங்கும் முகத்தின்மீது சுத்தியலை வீசுவாள். கணினியின் வேகம், நினைவகம், விலை பற்றி ஒரு சொல்லும் கிடையாது. நீ எந்தப் பக்கம் என்ற கேள்வி மட்டும் இருந்தது. அப்போது கணினிச் சந்தையில் ஐபிஎம்தான் ராஜா. சிறிய பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஒட்டுதல் அதிகம்.

மெக்கின்டாஷ் வைத்திருப்பவர்களை ஆராய்ந்து ஆல்பர்ட் முனியஸ், தாமஸ் ஓகுவின் என்ற ஆய்வாளர்கள் 2001இல் எழுதினார்கள். நாம் ஒரே இனம் என்ற உணர்வும் பகிர்ந்துகொள்ளும் சடங்குகளும் கதைகளும் அந்தக் கணினிக்காரர்களிடம் இருந்தன. எனக்கு முக்கியமாகப் பட்டது ஆய்வாளர்கள் மூன்றாவதாகக் கண்டது: ஒருவர் கணினிக்கு ஒன்று என்றால் மற்றவர் உதவுவதைக் கடமையாகவே கருதினார்கள்.

கிராணியின் கணினிக்கு ஏற்ற கீல் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அதே வகைக் கணினி வைத்திருந்த ஓர் ஆசிரியர் குவாலா கங்சாரில் இருப்பது நினைவுக்கு வந்து கூப்பிட்டேன். செயலிழந்த தம் கணினியிலிருந்து கீலைக் கழற்றி, திருகாணிகளைச் சிறு பிளாஸ்டிக் பையில் போட்டு, பஸ்ஸில் வந்து கொடுத்தார். பணம் வாங்கவில்லை. கிராணியின் கணினியைத் தாமே திறந்து, சிவப்புக் குமிழில் விரலை வைத்து, சிறிது நேரம் சுட்டிக்குறியைத் திரையில் அங்குமிங்கும் ஓடவிட்டுப் பார்த்தார்.