கடைசிப் பாட்டில் ‘ஸ்’ கரகரப்பது ஏன்?

அமெரிக்கப் பாடகி கரோல் கிங்கின் ‘டேப்பஸ்ட்ரி’ 1971 பிப்ரவரியில் வெளியான ஆல்பம். ஹாலிவுட்டில் ஏ அண்ட் எம் ஸ்டூடியோவில் லூ ஆட்லர் தயாரிப்பில் பதிவானது. 12 பாட்டு, சுமார் 44 நிமிடம்; எல்பி இசைத்தட்டில் பக்கத்துக்கு ஏறக்குறைய 22 நிமிடம். முதல் பக்கம் பியானோ அதிரும் ‘ஐ ஃபீல் தி எர்த் மூவ்’ பாட்டில் தொடங்குகிறது. இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டில் பியானோ, பாஸ், குரல் மட்டும்தான், டிரம்ஸ் கிடையாது. ஊசி தட்டின் வெளி ஓரத்தில் தொடங்கி உள்நோக்கிப் போகும். இப்படிச் சத்தமானது வெளியே, அடங்கியது உள்ளே என்று அமைந்தால் ஒலியைத் தட்டில் பள்ளமாக வெட்டுபவருக்குப் பாதி வேலை குறையும்.

தட்டு எங்கும் ஒரே வேகத்தில், நிமிடத்துக்கு 33⅓ சுற்றுதான் சுற்றுகிறது. ஆனால் ஊசிக்கு அடியில் ஓடும் பள்ளத்தின் வேகம் ஒன்றல்ல. மையத்திலிருந்து 146 மி.மீ. தள்ளியுள்ள வெளி ஓரத்தில் அது நொடிக்கு 51 செ.மீ. உள்ளே 60 மி.மீ.க்கு வரும்போது வெறும் 21 செ.மீ. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளியே 51 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளம் எடுத்துக்கொள்ளும். உள்ளே அதே அலை 21 மைக்ரானுக்குள் மடங்கிக் கிடக்கும். சாதாரண உருண்டை ஊசிமுனையின் ஆரமோ 18 மைக்ரான். நெருங்கிய வளைவுக்குள் அந்த முனை எங்கே இறங்குவது? மேடுகளை உரசிக்கொண்டே தாண்டிப் போகிறது. கரகரப்பு அங்கேதான் பிறக்கிறது.

டிரம்ஸைவிடக் குரல்தான் இதில் முதலில் மாட்டும். கரோல் கிங் போன்ற பாடகர்கள் மைக்குக்கு மிக அருகில் பாடுவதால் ‘ஸ்’, ‘ஷ்’ எல்லாம் கூர்மையாகப் பதிவாகும். போதாததற்கு, இரைச்சலைக் குறைக்க ஆர்ஐஏஏ (அமெரிக்க இசைப்பதிவுத் துறைச் சங்கம்) விதிப்படி வெட்டும்போதே உச்ச ஒலிகளை உயர்த்துவார்கள்: 10,000 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 5 மடங்கு. கேட்கும்போது ஆம்ப்ளிஃபயர் அதைத் திரும்பக் குறைத்துவிடும். குரல் பழையபடி ஆகும், ஊசி தடுமாறியதால் வந்த சிதைவு மட்டும் போகாது. அதனால் ‘ஸ்’ வரும் இடங்களை மட்டும் அமுக்கிவிட்டுத்தான் வெட்டுவார்கள். அதிகமாக அமுக்கினால் பாடகருக்கு நாக்குத் தடித்ததுபோல் கேட்கும்.

நேரமும் ஒரு கணக்கு. 22 நிமிடம் என்றால் சுமார் 730 சுற்று. அவற்றை 146 மி.மீ.க்கும் 60 மி.மீ.க்கும் இடையிலுள்ள 86 மி.மீ.க்குள் அடக்கினால் சுற்றுக்கு 0.12 மி.மீ.கூட இல்லை. தாழ்ந்த பாஸ் ஒலிக்குப் பள்ளம் அகலமாக ஆடும். இடம் போதாவிட்டால் மொத்தச் சத்தத்தையும் குறைப்பதைத் தவிர வழியில்லை.

வீட்டில் செய்யக்கூடியது: நீள்வட்ட முனை ஊசி போடுங்கள், அதன் பக்க ஆரம் சுமார் 8 மைக்ரான்தான். ஊசி தட்டை அழுத்தும் எடையை, கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய தலைப்பகுதி) குறிப்பில் சொன்ன அளவுக்குக் கீழே குறைக்காதீர்கள். ‘தட்டு தேயுமே’ என்று லேசாக வைத்தால் ஊசி துள்ளித் தட்டைக் கூடுதலாகத்தான் கெடுக்கும். பிறகு கடைசிப் பாட்டை வைத்துக் கேளுங்கள். வலது ஸ்பீக்கர் மட்டும் கரகரத்தால் ஆன்டி-ஸ்கேட் (ஊசிக்கை மையத்தை நோக்கி இழுபடுவதை ஈடுகட்டும் அமைப்பு) போதவில்லை: ஊசி உள்சுவரில் சாய்ந்து வெளிச்சுவரை விடுகிறது. இரண்டு பக்கமும் கரகரத்தால் ஊசியின் கோணத்தைச் சரிபாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் ஊசியோ தட்டோ தேய்ந்திருக்கிறது.