காய்ந்தாலும் காயாத ஆசிட்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காரின் பழைய பேட்டரியைக் கழற்றித் தூக்கி வைத்தேன். கையில் எரிச்சல் இல்லை, பேண்ட்டில் கறையும் இல்லை. இரண்டு நாள் கழித்துத் துவைத்து எடுத்தால், தொடைப் பக்கம் சல்லடை. எலி கடித்துவிட்டதா என்று வீட்டில் கேட்டார்கள்.

எலி இல்லை, கந்தக அமிலம். கார் பேட்டரிக்குள் இருக்கும் திரவத்தில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் அதுதான், மீதி தண்ணீர். இந்தத் திரவம் ஒரு சொட்டு வெளியே விழுந்தால் சில மணி நேரத்தில் காய்ந்த மாதிரி தெரியும். காய்வது தண்ணீர் மட்டும்தான். கந்தக அமிலம் கொதிக்கவே 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும், அதனால் அது ஆவியாகாமல் அங்கேயே தங்கி, தண்ணீர் போகப் போக இன்னும் கடுமையாகிறது. பருத்தி நூலின் செல்லுலோஸ் சங்கிலிகளைச் சத்தமில்லாமல் அறுத்து வைக்கிறது. அறுந்த நூல் துவைக்கும்போதுதான் உதிரும். பாலியஸ்டர் பேண்ட்டாக இருந்திருந்தால் பெரும்பாலும் தப்பித்திருக்கும்.

பானெட்டுக்குள் நடப்பதும் இதே கதைதான், துணிக்குப் பதில் இரும்பு. அமிலம் பெயின்ட்டைக் கொப்பளிக்க வைத்து அடியில் இறங்குகிறது. இரும்பு இரும்பு சல்பேட்டாக மாறுகிறது. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால், மழை படாத இடத்திலும் துரு ஓடிக்கொண்டே இருக்கும். இதைவிட மோசம் ஒயர். செம்புக் கம்பிகளுக்கு நடுவே உள்ள இடுக்கு வழியாக, விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, அமிலம் உறைக்குள் ஏறிவிடும். வெளியே ஒயர் புதுசு மாதிரி இருக்கும். உறையைச் சீவிப் பார்த்தால் உள்ளே கறுத்துப் போயிருக்கும்.

சரி, மூடி வைத்த பெட்டியிலிருந்து ஆசிட் ஏன் வெளியே வருகிறது? பெட்டியில் விரிசல் விழுவது ஒரு காரணம். பேட்டரியைப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்து, மேடு பள்ளத்தில் அது குதித்துக்கொண்டே இருந்தால் அப்படி ஆகும். ஒயர் மாட்டும் முனையான டெர்மினல் தண்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையே மெல்லக் கசிவதும் உண்டு. டெர்மினலில் வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ உப்புப் பூத்திருப்பது அதன் அடையாளம். வெள்ளை பெரும்பாலும் ஈய சல்பேட், நீலம் செம்பு சல்பேட்.

ஆனால் பல வண்டிகளில் குற்றவாளி நாம்தான். டிஸ்டில்டு வாட்டரைக் கழுத்து வரை ஊற்றிவிடுகிறோம். சார்ஜ் ஏறும்போது திரவம் சூடாகி விரியும், குமிழும் கிளம்பும், பொங்கி வழியும். சார்ஜ் குறைந்த நிலையில் ஊற்றினால் இன்னும் மோசம், ஏனென்றால் அப்போது அமிலத்தில் ஒரு பகுதி ஈயத் தகடுகளில் சல்பேட்டாக ஒட்டியிருக்கும். சார்ஜ் ஏறியதும் அது திரவத்துக்குத் திரும்பி மட்டத்தை உயர்த்தும்.

அடுத்த காரணம், இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெடுவது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். மல்டிமீட்டர் 15-ஐத் தாண்டிக் காட்டினால், தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து கொப்பளிக்கிறது என்று அர்த்தம். உடையும் ஒவ்வொரு குமிழும் அமிலத் துளியைக் காற்றில் தெறிக்க வைக்கிறது. காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பொறியில் வெடிக்கக்கூடும். பேட்டரி பக்கத்தில் நின்று பீடி பற்றவைக்கும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

சுத்தம் செய்யும்போது பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு, முதலில் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். காரின் உடம்பு முழுக்க நெகட்டிவ்தான். பாசிட்டிவில் முதலில் ஸ்பேனரைப் போட்டு அது பாடியில் உரசினால் ஷார்ட் ஆகும். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

அப்புறம் ஆப்ப சோடா. சோடாவும் அமிலமும் சேர்ந்தால் சோடியம் சல்பேட், தண்ணீர், கரியமில வாயு. நுரைப்பது அந்த வாயுதான். எல்லோரும் தவறுவது அளவில். கணக்குப் போட்டுப் பார்த்தால் 100 மில்லி பேட்டரி ஆசிட்டை முறிக்கச் சுமார் 80 கிராம் சோடா வேண்டும். ஒரு டீஸ்பூன் சோடா ஆறேழு மில்லிக்கு மேல் தாங்காது. அதனால் சிட்டிகை போட்டுத் துடைப்பது கண்துடைப்பு. நுரை நிற்கும் வரை கரைசலை ஊற்றி, பத்து நிமிடம் விட்டு மறுபடி ஊற்றுங்கள். பேட்டரியின் மூடிகள் மட்டும் இறுக்கமாக இருக்கட்டும். உள்ளே சோடா போனால் பேட்டரிக்கே கேடு.

முறிந்ததா என்று பார்க்க அடுப்படியிலேயே ஒரு பொருள் இருக்கிறது. ஆரத்தித் தண்ணீர் சிவப்பது எப்படி? மஞ்சளில் சுண்ணாம்பு சேர்வதால். சோடாவும் காரம்தான். மஞ்சள் தடவிய காகிதத்தை அந்த ஈரத்தில் ஒற்றிப் பாருங்கள். சிவப்பு ஏறினால் அமிலம் முறிந்து சோடா மிஞ்சியிருக்கிறது. மஞ்சளாகவே இருந்தால் இன்னொரு சுற்று. பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலசிக் காயவையுங்கள். துருவைச் சுரண்டி ப்ரைமரும் பெயின்ட்டும் அடித்து, டெர்மினலை மாட்டியபின் அதன்மேல் வாசலின் தடவலாம்.

தோலிலோ கண்ணிலோ பட்டால் சோடா வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். கண் என்றால் குழாயடியில் குறைந்தது இருபது நிமிடம், அதன் பிறகு நேராக மருத்துவமனை.

விரிசல் விட்ட பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிப் பயன்படுத்தாதீர்கள். பிளாஸ்டிக் தொட்டியில் நிமிர்த்தி வைத்துக் கடைக்கு எடுத்துப் போங்கள். உள்ளே இருக்கும் ஈயத்துக்காகவே பழையதற்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டு புதியதைத் தருவார்கள். போகும்போது பழைய பேண்ட் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் இப்போது அதற்கென்றே ஒன்று இருக்கிறது.