கவசம் மூடாத இடத்தைப் பகடைக்கு எப்படிச் சொல்வது?

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் கதைவிளையாட்டுகளில், ஒரு கவசம் எவ்வளவு வலியது, உடலில் எந்த இடத்தை மூடுகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விதிகள் விடை சொல்ல வேண்டும். 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இரண்டையும் ஆர்மர் கிளாஸ் என்ற ஒரே எண்ணுக்குள் அடக்கியது. கவசம் சிறந்ததாக இருந்தால் அடி விழும் வாய்ப்புக் குறையும். விழுந்த அடியின் சேதம் குறையாது. ஆட்டம் விரைவாக நகர்வதற்கு இது நல்ல வழிதான். ஆனால் தலைக்கவசம் அணியாதவனின் தலைக்கு என்ன நேரும் என்பதை அந்த எண் சொல்லாது.

1978இல் வந்த ரூன்குவெஸ்டில், அடி விழுந்ததும் 20 முகப் பகடையை உருட்டி, அது எந்த உறுப்பில் பட்டது என்று பார்ப்பார்கள். 1 முதல் 8 வரை கால்கள், 9 முதல் 11 வரை வயிறு, 12 மார்பு, 13 முதல் 18 வரை கைகள், 19, 20 தலை. அந்த உறுப்பின் மேலுள்ள கவசத்தின் மதிப்பு மட்டுமே சேதத்திலிருந்து கழிக்கப்படும். கால்களுக்கு 40 விழுக்காடு, மார்புக்கு வெறும் 5 என்பது முதற்பார்வைக்கு வியப்பூட்டலாம். ஆனால் இன்றைய சுவீடனின் விஸ்பி நகருக்கு வெளியே 1361இல் நடந்த போரில் மாண்டவர்களின் புதைகுழிகளை அகழ்ந்தபோது, எலும்புகளில் இருந்த வெட்டுகளில் கணிசமானவை முழங்காலுக்குக் கீழேதான் காணப்பட்டன. அம்புக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. ரூன்குவெஸ்டின் 1984ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பு எறிபடைகளுக்குத் தனி அட்டவணை தந்து, மார்புக்கு ஐந்து எண்களை ஒதுக்கியது.

உறுப்பைக் காண உருட்டும் இந்த இரண்டாவது பகடையைத் தவிர்க்க விரும்புவோர் சராசரி எடுக்கிறார்கள்: பாதி உடலை மூடும் 6 புள்ளிக் கவசத்தை, முழு உடலை மூடும் 3 புள்ளிக் கவசமாகக் கொள்கிறார்கள். 8 புள்ளிச் சேதம் வரும்போது சராசரி இரண்டுக்கும் 5தான். ஆயினும் முழுக் கவசத்தில் எப்போதும் 5 புள்ளியே உள்ளே இறங்க, பாதிக் கவசத்திலோ ஒருமுறை 2, மறுமுறை 8 என்று இறங்குகிறது. 8 உயிர்ப்புள்ளி (தீர்ந்தால் பாத்திரம் வீழும் எண்) உள்ளவன் அந்த மறுமுறையில் வீழ்ந்துவிடுவான். சேதம் 4 என்றால் சராசரியே மாறிவிடும்: முழுக் கவசத்தில் 1, பாதிக் கவசத்தில் 2.

அட்டவணையிலும் ஒரு குறை உண்டு. எதிரி இடம் பார்த்து அடிப்பதில்லை என்று அது கொள்கிறது. உண்மையில் தேர்ந்த வாள்வீரன் கவசமில்லாத இடத்தைத்தான் தேடுவான். கர்ப்ஸ் விளையாட்டின் 2004ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்கு விலை வைத்தது: உடற்பகுதிக் கவசத்தின் இடுக்கைக் குறிவைத்தால் தாக்கும் திறனில் 8 புள்ளி குறையும், பிற உறுப்புகளுக்கு 10, இலக்குத் தப்பாவிட்டால் கவசத்தின் மதிப்புப் பாதியாகிவிடும்.