நான்கு ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் ஊமையானால்

புதிதாக மாற்றிய கார் ஸ்டீரியோவில் திரை எரிகிறது, பாட்டு ஓடுவதாகக் காட்டுகிறது, ஆனால் சத்தம் மட்டும் இல்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் இருக்கும் எங்கள் கடைக்கு இந்தக் குறையோடு வருபவர்களில் பலர், "செட் போய்விட்டது, வேறு போட்டுவிடுங்கள்" என்றே பேச்சைத் தொடங்குகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். நான்கு ஸ்பீக்கரும் சேர்ந்து நின்றுபோனால், செட் தன்னைக் காத்துக்கொள்ளச் சத்தத்தை நிறுத்தியிருக்க வாய்ப்பு அதிகம்.

இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் மைனஸ் வயர் எர்த் அல்ல; பிளஸ், மைனஸ் இரண்டிலுமே மின்னழுத்தம் இருக்கும். நான்கு ஸ்பீக்கருக்குப் போகும் எட்டு வயர்களில் ஒன்று காரின் உலோகப் பாடியைத் தொட்டாலும் போதும், உள்ளே சத்தத்தைப் பெருக்கும் சில்லான ஆம்ப்ளிஃபையர் ஐ.சி. நான்கு ஸ்பீக்கரின் சத்தத்தையும் நிறுத்திவிடும். மைனஸைப் பாடியிலேயே இணைத்திருக்கும் பழைய கார் வயரிங்கில் புது செட்டை அப்படியே மாட்டினாலும் இதே கதிதான். அந்த நிலையிலேயே நாள்கணக்கில் ஓட்டினால் ஐ.சி. உண்மையிலேயே எரிந்துவிடலாம்.

மியூட், ஃபேடர் (முன், பின் ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரிப்பது) அமைப்புகளை முதலில் பார்த்துவிடுங்கள். தனி ஆம்ப்ளிஃபையர் இருந்தால், அதை இயக்கும் நீலம்-வெள்ளை வயர் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். திரை எரியும்போது செட்டின் ஃபியூஸைச் சந்தேகிப்பது வீண்.

பிறகு மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர். செட்டை அணைத்து, பின்னால் வயர்களை இணைக்கும் கப்ளரைக் கழற்றுங்கள். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா என்று நான்கு ஜோடிகள். ஒவ்வொன்றிலும் கறுப்புக் கோடு போட்டது மைனஸ். கார் பக்கத்து வயரில் ஜோடிக்கு இடையே அளந்தால், 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுமார் 3 முதல் 4 ஓம் வரை காட்ட வேண்டும். அதே வயருக்கும் பாடிக்கும் இடையே எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. காட்டினால் குற்றவாளி அந்த ஜோடிதான். மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் வயர்களை மட்டும் மீட்டரால் தொடவே தொடாதீர்கள்.

அந்த வயரைப் பின்தொடர்ந்து போனால் பெரும்பாலும் கதவில்தான் முடியும். கதவைத் திறந்து மூடும் இடத்தில் ரப்பர் குழாய்க்குள் வயர் மடிந்து மடிந்து தோல் உரிந்திருக்கும். அல்லது ஸ்பீக்கரை இறுக்கிய திருகு வயரைக் கடித்திருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நீரில் நின்ற சென்னைக் கார்களை வாங்கியவர்கள் கதவின் உள்பக்க மூடியான பேடைக் கழற்றி ஸ்பீக்கர் முனைகளைக் கட்டாயம் பார்க்க வேண்டும். களிம்பு ஏறிய முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே சில வண்டிகளில் சத்தம் திரும்பிவிடுகிறது. செய்தித்தாள் போல ஊறிக் கிழிந்த ஸ்பீக்கர் கோனை மாற்றத்தான் வேண்டும்.

எல்லா ஜோடியும் சரியாக இருந்தால், கார் வயரிங்கை விட்டுவிட்டு, நன்றாக வேலை செய்யும் ஒரு ஸ்பீக்கரை நேரடியாகச் செட்டின் பின்னால் இணைத்துக் காட்டும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். அதிலும் சத்தம் வராவிட்டால் மட்டும் புது செட்டுக்குப் பணம் கொடுங்கள்.