ஃபெரோமோன் சென்ட் வாங்குவதற்கு முன்

போன மாதம் ஒரு காலை, சினை ஊசி போட மாட்டை ஓட்டி வந்த இளைஞர் ஒருவர் வேலை முடிந்த பிறகும் கிளம்பாமல் நின்றார். மற்றவர்கள் போனதும் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"ஏனுங் டாக்டர், இதுல ஃபெரோமோன் இருக்குதுன்னு போட்டிருக்காங்க. நெசமாலுமே வேலை செய்யுங்களா?"

ஆன்லைனில் 1,400 ரூபாய்க்கு வாங்கியதாம். தோட்டம், பத்து உருப்படி மாடு, சொந்த வீடு எல்லாம் இருந்தும் மூன்று வருடமாகப் பெண் அமையவில்லை. கொங்குப் பக்கம் விவசாயம் பார்க்கும் பையன்களின் நிலைமை தெரிந்தவர்களுக்கு மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'ஆண்ட்ரோஸ்டீனோன்' என்று இருந்தது. கால்நடை மருத்துவர்களுக்குப் பழகிய பெயர். ஆண் பன்றியின் வாய் நுரையில் இருக்கும் பொருள் அது.

வெண்பன்றிப் பண்ணையில் இதை நேரில் பார்க்கலாம். இணை சேரும் பருவத்துக்கு வந்த பெண் பன்றியின் முதுகில் கையை ஊன்றி அழுத்துவோம். ஆண் பன்றியின் வாடை பக்கத்தில் இருந்தால் நாலு காலையும் ஊன்றிச் சிலை மாதிரி நிற்கும். ஆண் பன்றி இல்லாத இடத்தில் இதே பொருளை ஸ்ப்ரேயாக அடித்துச் சோதிப்பார்கள். அதுவும் பருவத்தில் இருக்கும் பன்றியிடம்தான் பலிக்கும். மற்ற நாளில் அடித்தால் அது பாட்டுக்கு விலகிப் போய்விடும்.

ஒரு உயிர் வெளிவிடும் வேதிப்பொருள், அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு உயிரின் நடத்தையையோ உடலையோ குறிப்பிட்ட விதத்தில் மாற்றினால் அது ஃபெரோமோன். இந்தப் பெயரை 1959இல் கார்ல்சன், லூஷர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் வைத்தார்கள். அதே ஆண்டு புட்டெனான்ட் குழு பட்டுப்பூச்சியின் ஃபெரோமோனைக் கண்டுபிடித்து அறிவித்தது. அதற்காக சுமார் 5 லட்சம் பெண் அந்துப்பூச்சிகளைக் கொண்டு இருபது வருடம் உழைத்தார்கள்.

'அதே இனம்' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். மக்காச்சோளத்தில் படைப்புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி, அதாவது பெண் பூச்சியின் ஃபெரோமோனைக் காட்டி ஆண் பூச்சியைப் பிடிக்கும் பொறி, வைத்தவர்களுக்கு இது புரியும். பச்சைக் காய்ப்புழுவுக்கான ஃபெரோமோன் குப்பியை அதில் மாட்டினால் படைப்புழுவின் அந்துப்பூச்சி வந்து விழாது. சரியான குப்பியாக இருந்தாலும் ஆண் பூச்சிதான் வரும். விதிவிலக்கு மாதிரித் தெரிகிற ஒன்றும் உண்டு. பருவத்துக்கு வரும் ஆசியப் பெண் யானையின் சிறுநீரில் இருக்கும் ஃபெரோமோனை 1996இல் கண்டுபிடித்தபோது, நூற்றுக்கு மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் பயன்படுத்தும் அதே பொருளாக அது இருந்தது! ஆனாலும் பூச்சியைத் தேடி யானை போவதில்லை. பூச்சி விடும் அளவு யானைக்கு எட்டவே எட்டாது.

அன்று மருந்தக வாசலில் ஒரு வெள்ளாட்டுக் கிடா கட்டியிருந்தது. பக்கத்தில் நின்ற பெட்டை சிறுநீர் விட்டதும் மூக்கை வைத்து முகர்ந்தது. அப்புறம் தலையை அண்ணாந்து, மேலுதட்டைச் சுருட்டி, சில நொடி அப்படியே நின்றது. கிடா சிரிக்கிறது என்பார்கள். அப்போது அது செய்வது ஒரு பரிசோதனை. மேல் ஈறுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு சிறு துளைகள் வழியாக, மூக்குக்கு அடியில் உள்ள ஜேக்கப்சன் உறுப்புக்கு அந்த ஈரத்தை இழுத்து, பெட்டை பருவத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறது. அந்த இளைஞரைக் கூப்பிட்டு இதைக் காட்டினேன்.

நமக்கு அந்த உறுப்பு கருவிலேயே உருவாகத் தொடங்கினாலும் வேலை செய்யும் நிலைக்கு வருவதில்லை. மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பு பெரியவர்களிடம் காணப்படவில்லை. அதற்குத் தேவையான முக்கியமான ஒரு மரபணுவும் மனிதரிடம் பழுதாகிக் கிடக்கிறது. அது இல்லாவிட்டால் என்ன, சாதாரண மூக்கு போதாதா என்று கேட்டால் நியாயம்தான். பன்றி சாதாரண மூக்கால்தான் உணர்கிறது. அதனால்தான் மனிதர்களை வைத்தும் சோதித்துப் பார்த்தார்கள். சென்ட் விளம்பரங்களில் அடிபடும் ஆண்ட்ரோஸ்டாடயீனோன் உள்ளிட்ட இரண்டு பொருள்களை 2017இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சோதித்தபோது, எதிர்பாலினத்தவரின் முகம் கூடுதல் அழகாக யாருக்கும் தோன்றவில்லை. விடுதியில் ஒன்றாகத் தங்கும் பெண்களுக்கு மாதவிலக்கு ஒரே சமயத்தில் வரும் (அதற்கும் ஃபெரோமோன் காரணமாக இருக்கலாம் என்றார்கள்) என்ற 1971ஆம் ஆண்டு முடிவையும் பின்னால் வந்த ஆய்வுகள் உறுதி செய்யவில்லை. மனிதருக்கான காதல் ஃபெரோமோன் என்று நிரூபிக்கப்பட்ட ஒரு பொருள்கூட இன்றுவரை இல்லை.

மனிதரில் ஓரளவு நெருங்கி வருவது கைக்குழந்தையின் மூக்குதான். தாயின் மார்க்காம்பைச் சுற்றியுள்ள சிறு சுரப்பிகளின் கசிவை மூக்கருகே காட்டினால், பிறந்து சில நாளே ஆன குழந்தை வாயை அசைத்துத் தேடுகிறது. அது வேறு ஒரு தாயின் கசிவாக இருந்தாலும் அப்படித்தான்.

பாட்டிலில் இருந்த ஆண்ட்ரோஸ்டீனோனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிலருக்கு அந்த வாடையே தெரியாது. சிலருக்கு லேசான இனிப்பு வாசம். வேறு சிலருக்கு மூத்திர நாற்றம்! பிறவியிலேயே வரும் மரபணு வித்தியாசமும் இதற்கு ஒரு காரணம். பெண் பார்க்கப் போகும் இடத்தில் எதிரே இருப்பவர் மூக்கு எந்த வகை என்று யாருக்குத் தெரியும்?

அப்படியானால் மனிதருக்கு வாசம் முக்கியமில்லையா? ரொம்ப முக்கியம். ஆனால் பெரும்பாலும் அது பழகிப் பழகி மனதில் ஏறும் வாசம். வீட்டுக்காரம்மா ஊருக்குப் போன நாளில் அவருடைய பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு பால் கறக்க உட்காரும் ஆண்களைப் பார்த்திருக்கிறேன். சேலை இல்லாமல் உட்கார்ந்தால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். அந்தச் சேலையில் இருப்பது ஃபெரோமோன் இல்லை. தினமும் தவிடு வைத்து, தடவிக் கொடுத்து, அதட்டிய ஒருத்தியின் வாசம். நாம் ஒருவரையொருவர் அறிவதும் இந்த வகையில்தான் அதிகம். அதை முன்கூட்டிப் பாட்டிலில் அடைத்து விற்க வழியில்லை.

தம்பியிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "உங்ககிட்ட ஒரு குறையும் இல்லை, அந்தக் குறையை உண்டாக்கித்தான் இதை விக்கிறாங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் கிடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் அடித்த இடம் அரிக்கிறது என்று அப்புறம்தான் சொன்னார். சட்டைக் காலரை விலக்கிப் பார்த்தேன், தோல் சிவந்து தடித்திருந்தது. அதை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.