குரல் பதிவைச் சாட்சியாக்காதீர்கள்

போன வாரமும் ஒரு மகன் செல்பேசியை என் மேசையில் வைத்தார். "கேளுங்கள் டாக்டர், சாப்பிட்டுவிட்டேன் என்று அம்மாவே சொல்கிறார். கேட்டால் இல்லை என்று சாதிக்கிறார்." பக்கத்தில் அந்த அம்மாள் புடவைத் தலைப்பைத் திருகியபடி, தன் குரலையே வேறு யாரோ பேசுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். மறதி நோய்க்கு வைத்தியம் பார்க்கும் எனக்கு இது பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் போய்விட்டது.

நினைவு உள்ளே பத்திரமாக இருக்கிறது, ஆதாரத்தைக் காட்டினால் வெளியே வந்துவிடும் என்று நம்புகிறீர்கள். வராது. அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்கும் பகுதி ஹிப்போகேம்பஸ். அது பழுதானால் புதிய நிகழ்வுகள் மூளையில் தங்குவதில்லை. காலையில் தின்ற இட்லி அங்கே பதியவே இல்லை. பதியாததைப் பத்து முறை ஒலிப்பதிவைப் போட்டாலும் மீட்க முடியாது. நீங்கள் அதட்டியது மறந்துபோகும்; அதட்டியதால் வந்த கலக்கம் மறையாது. மருத்துவரிடம் காட்டத்தான் பதிவு செய்தீர்கள் என்றால், நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டுக் காட்டுங்கள்.

நோயில்லாதவர்களின் நினைவே பதிவோடு ஒத்துப்போவதில்லை. எதிர்க்கட்சி அலுவலகத்தில் நடந்த அத்துமீறலை அமெரிக்க அதிபர் நிக்சன் தரப்பு மூடிமறைத்ததுதான் வாட்டர்கேட் விவகாரம். 1973இல் அதன் விசாரணையில், நிக்சனுடன் பேசியவற்றை வெள்ளை மாளிகை வழக்கறிஞராக இருந்த ஜான் டீன் விரிவாகச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 34தான். அந்தப் பேச்சுகள் பதிவான வெள்ளை மாளிகை ஒலிநாடாக்களோடு அதை ஒப்பிட்டு உளவியலாளர் உல்ரிக் நைசர் 1981இல் எழுதினார்: மூடிமறைப்பு நடந்தது என்ற அடிப்படை சரி, பேச்சு விவரங்களில் பிழைக்கு மேல் பிழை.

பதிவே வேண்டாம் என்று சொல்லவில்லை. முதியவர்கள் மனத்தில் அழுத்தமாக நிற்பது பெரும்பாலும் பத்திலிருந்து முப்பது வயது வரையான காலம். அதைத் தொடும் பேச்சைப் போடுங்கள். நாள் முழுக்க வாய் திறக்காத ஒரு பாட்டி, தன் அக்காள் பழைய கேசட்டில் மல்லிகை விலையைப் பேசக் கேட்டதும், மடியில் பூக்கட்டுவதுபோல் விரல்களை அசைத்தார். பிறகு அக்காளின் கல்யாணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தேதியெல்லாம் தப்பு. திருத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஐந்து நிமிடம் போதும். தொலைக்காட்சியை அணையுங்கள். காதுக் கருவியை மாட்டிவிட்டுத் தொடங்குங்கள். பலருக்கு மாலையில் பதற்றம் கூடும், காலையில் வைத்துக்கொள்ளுங்கள். "இது யார் குரல், சொல்லுங்கள்" என்ற பரீட்சை கூடவே கூடாது. "பெரியம்மா பேசுகிறார்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். இறந்தவர் குரலென்றால் இரண்டு முறை யோசியுங்கள். அந்தச் சாவை அப்போதுதான் கேள்விப்பட்டவர்போல் சிலர் உடைந்துவிடுவார்கள்.

பதிவு செய்வதற்கான சம்மதத்தை, அவர் புரிந்து பதில் சொல்லும் காலத்திலேயே கேட்டு வாங்குங்கள். அவருடைய தடுமாற்றப் பேச்சைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தால், தயவுசெய்து இன்றே நீக்கிவிடுங்கள்.